ஓப்பன்ஹைமரும் ஷெவாலியரும்: நண்பனிடம் சொல்லாமல் விட்ட பொய்

அணுகுண்டைச் செய்து முடித்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் இயக்குநர் ஜே. ராபர்ட் ஓப்பன்ஹைமர். அவருடைய மனசாட்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஹிரோஷிமாவுக்குத்தான் போவார்கள். நான் எடுத்துக்கொள்வது அவர் ஒரே ஒரு மனிதருக்குச் செய்த தீங்கை. 1943இல், தன் நெருங்கிய நண்பரைப் பற்றி ராணுவ உளவு அதிகாரியிடம் அவர் ஒரு பொய் சொன்னார். அதன் பிறகும் அந்த நண்பரோடு பத்து ஆண்டுகள் பழகினார். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார், கடிதம் எழுதினார், உதவியும் செய்தார். தான் செய்ததை மட்டும் சொல்லவில்லை. நண்பர் அதைச் செய்தித்தாள் மூலம்தான் தெரிந்துகொண்டார்.

இப்படிப்பட்ட விஷயங்கள் பெரும்பாலும் இரண்டு பேர் மனதுக்குள்ளேயே புதைந்துவிடும். இந்த நிகழ்வில் அப்படி இல்லை. ரகசியமாகப் பதிவுசெய்த உரையாடல், எஃப்.பி.ஐ. அறிக்கைகள், கடிதங்கள், விசாரணையின் முழு எழுத்துப் பிரதி, பாதிக்கப்பட்டவரே எழுதிய நினைவுக் குறிப்பு என்று எல்லாம் கிடைக்கிறது. ஒரு மனிதர் குற்ற உணர்ச்சியை எப்படியெல்லாம் சுற்றி வளைத்துக் கடந்துபோகிறார் என்பதை ஆண்டுவாரியாகப் பார்க்க முடிகிறது.

நட்பு

ஹாக்கன் ஷெவாலியர் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் கற்பித்தவர். பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோவை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். 1937 வாக்கில் ஓப்பன்ஹைமரோடு பழக்கமானார். ஆசிரியர் சங்கம், ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு நிதி திரட்டுவது, இடதுசாரிக் கூட்டங்கள் என்று தொடங்கி அது குடும்ப நட்பாகவே ஆனது. 1941இல் ஓப்பன்ஹைமருக்கும் மனைவி கிட்டிக்கும் முதல் குழந்தை பிறந்தது. அந்தக் கோடையில் கைக்குழந்தையை ஷெவாலியர் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் நியூ மெக்சிகோ போய்வந்தார்கள். பெற்ற பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போகிற அளவுக்கு நம்பிக்கை.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் மனம் குலைந்திருந்த ஒரு காலத்தில், 1926இல், ஓப்பன்ஹைமர் கோர்சிகா தீவில் சுற்றுப்பயணம் போனார். அங்கே இரவில் டார்ச் வெளிச்சத்தில் பிரெஞ்சு நாவலாசிரியர் மார்சல் ப்ரூஸ்டைப் படித்தார். நாம் பிறருக்கு உண்டாக்கும் வேதனையைக் கண்டும் காணாமல் இருப்பதுதான் கொடுமைகளிலேயே பயங்கரமானது, நிலையானது என்று ஓர் இடத்தில் ப்ரூஸ்ட் எழுதியிருப்பார். அந்தப் பகுதி அவருக்கு மனப்பாடம். பல ஆண்டுகள் கழித்து பெர்க்லியில் ஒருநாள் அதை வரி பிசகாமல் ஒப்பித்துக் காட்டினார். கேட்டு அசந்துபோனவர் ஷெவாலியர்.

சமையலறையில் நடந்தது

1942-43 குளிர்காலம். லாஸ் அலமோஸுக்குக் குடிபெயரும் முன் ஓப்பன்ஹைமர் தம்பதி ஷெவாலியர் தம்பதியை இரவு விருந்துக்கு அழைத்தார்கள். ஓப்பன்ஹைமர் மார்ட்டினி கலக்கச் சமையலறைக்குள் போனார், ஷெவாலியரும் பின்னாலேயே போனார். தனக்கும் ஓப்பன்ஹைமருக்கும் தெரிந்த ஜார்ஜ் எல்டன்டன் தன்னிடம் வந்து பேசியதைச் சொன்னார். எல்டன்டன், ஷெல் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரிட்டிஷ் வேதிப் பொறியாளர், சோவியத் நாட்டில் சில காலம் இருந்தவர். சோவியத் விஞ்ஞானிகளுக்குத் தொழில்நுட்பத் தகவல் அனுப்பத் தன்னிடம் வழி இருப்பதாக அவர் சொன்னாராம். ஓப்பன்ஹைமர் அதைக் கேட்டதுமே தள்ளிவிட்டார், துரோகம் என்ற பொருளில் ஏதோ சொன்னார். ஷெவாலியரும் ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தச் சிறு உரையாடலைப் பற்றி இருவருமே பின்னால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஷெவாலியர் தூண்டிவிட வரவில்லை, தெரிந்த செய்தியை நண்பர் காதில் போட்டு வைத்தார் என்றே இரண்டு பேர் சொன்னதிலிருந்தும் படுகிறது.

மூன்று பேர்

1943 ஆகஸ்டில் ஓப்பன்ஹைமர் வேறு வேலையாக பெர்க்லி வந்தார். எல்டன்டனைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரியிடம் தானாகவே போய்ச் சொன்னார். மறுநாள், ஆகஸ்ட் 26, உளவுப் பிரிவின் லெப்டினன்ட் கர்னல் போரிஸ் பாஷ் அவரை உட்கார வைத்துப் பேசினார். பேச்சு முழுவதும் மறைவான கருவியில் பதிவானது, ஓப்பன்ஹைமருக்கு அது தெரியாது.

எல்டன்டனுக்காக இடைத்தரகர் ஒருவர் இருந்தார், பெயரைச் சொல்லமாட்டேன் என்றார் ஓப்பன்ஹைமர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இடைத்தரகர் ஒருவரை அல்ல, இரண்டு மூன்று பேரை அணுகியதாகச் சொன்னார். அவர்களில் இருவர் இப்போது லாஸ் அலமோஸில் இருக்கிறார்கள், ஒருவர் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்தவர் என்றார். சோவியத் தூதரகத்தில் மைக்ரோஃபிலிம் (ஆவணங்களைச் சிறு படச்சுருளில் படம்பிடிப்பது) தெரிந்த ஆள் இருக்கிறார் என்றும் சேர்த்தார். சமையலறையில் ஒரு நிமிடம் நடந்த பேச்சு, பாஷின் மேசையில் ஓர் உளவு வலையாக மாறிவிட்டது.

நண்பனின் பெயரை மறைத்ததால் தான் அவனைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும். அணுகுண்டுத் திட்டத்தின் ராணுவத் தலைவர் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் பின்னால் சொன்ன சாட்சியமும் அதுதான்: நண்பனைப் பற்றிப் போட்டுக்கொடுப்பது தப்பு என்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் நினைப்பார்களே, அந்த மனநிலை என்றார். குரோவ்ஸ் சொன்னது சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் பெயரை மறைத்துக்கொண்டே செயலைப் பெரிதாக்கியதில்தான் விபரீதம். பெயர் என்றைக்காவது வெளியே வரும். வரும்போது, செய்யாத குற்றமெல்லாம் அந்தப் பெயர்மேல் ஏறி உட்காரும்.

அப்படியேதான் நடந்தது. செப்டம்பரில் இன்னொரு அதிகாரி கேட்டபோதும் ஓப்பன்ஹைமர் பெயர் சொல்லவில்லை. டிசம்பரில் குரோவ்ஸ் கட்டளையாகவே கேட்டதும் சொல்லிவிட்டார். மூன்று பேரை அணுகியவர் ஹாக்கன் ஷெவாலியர் என்று பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தந்தி பறந்தது.

தோட்டத்தில் கிடைத்த வாய்ப்பு

ஷெவாலியர் அப்போது நியூயார்க்கில், போர்த் தகவல் அலுவலகத்தில் வேலைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அரசு ரகசியங்களைக் கையாளத் தேவையான பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை. அவருடைய கம்யூனிஸ்ட் தொடர்புகள் ஏற்கெனவே எஃப்.பி.ஐ. கோப்பில் இருந்தவைதான், ஆகவே எல்லாப் பழியையும் ஓப்பன்ஹைமர் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் அந்தக் கோப்பில் இப்போது உளவுக்கு ஆள் பிடித்தவர் என்ற வரியும் ஏறியிருந்தது. அதை அங்கே ஏற்றியது அவர் நண்பர்.

1946 ஜூன் 26 அன்று எஃப்.பி.ஐ. ஷெவாலியரையும் எல்டன்டனையும் ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் வைத்து விசாரித்தது. ஷெவாலியரைப் பல மணி நேரம் குடைந்தார்கள். நீங்கள் அணுகிய மூன்று விஞ்ஞானிகள் யார் யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தான் பேசியது ஒருவரிடம், அதுவும் சமையலறையில்.

கொஞ்ச நாள் கழித்து ஓப்பன்ஹைமர் வீட்டில் ஒரு விருந்து. ஷெவாலியர் முன்கூட்டியே போய் விஷயத்தைச் சொன்னார். அடுத்து நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். ஓப்பன்ஹைமரின் முகம் இருண்டது. வா, வெளியே போகலாம் என்று தோட்டத்தின் மரங்களுக்கு நடுவே கூட்டிப்போனார். எஃப்.பி.ஐ. என்ன கேட்டது, நீ என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாகத் துருவினார். விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கிட்டி வந்து கூப்பிட்டார். வருகிறேன் என்று அனுப்பினார். கிட்டி மறுபடியும் வந்தபோது ஓப்பன்ஹைமர் வெடித்து, மனைவியைக் கேவலமாகத் திட்டினார். அவர் அப்படிப் பேசி ஷெவாலியர் பார்த்ததே இல்லை. அந்தப் பேச்சைப் பற்றித் தான் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது என்று ஓப்பன்ஹைமர் ஒப்புக்கொண்டார். சரி, அந்த மூன்று விஞ்ஞானிகள் என்கிறார்களே, அது என்ன என்று ஷெவாலியர் கேட்டார். பதில் இல்லை.

இந்த நிகழ்வில் நான் மறுபடி மறுபடி வந்து நிற்கும் இடம் இந்தத் தோட்டம்தான். ஒருவர் தன் தவறை முழுமையாக உணர்ந்த கணம் இது என்பதற்கு அந்த வெடிப்பைவிட வேறு சாட்சி வேண்டாம். எதிரே நின்றவரிடம் சொல்ல முடியாதது, குறுக்கே வந்தவர்மேல் கோபமாகக் கொட்டியது. குற்ற உணர்ச்சி அங்கே நிச்சயம் இருந்தது. ஆனால் அது எங்கே போக வேண்டுமோ அங்கே போகவில்லை.

இதைவிட மனதை அறுக்கிற செய்தி அடுத்து வருகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று எஃப்.பி.ஐ. ஓப்பன்ஹைமரிடமே வந்தது. மூன்று பேர் கதை தான் இட்டுக்கட்டியது, நண்பர் யாரென்று தெரியாமல் இருப்பதற்காகச் சொன்னது என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்ல முடியாதவர் அல்ல அவர். கேட்கவேண்டிய இடத்திலிருந்து கேட்டால் சொன்னார். அரசாங்கத்துக்கு அந்த உண்மை 1946இலேயே தெரியும். ஷெவாலியருக்கு இன்னும் எட்டு ஆண்டு தெரியாது.

உதவி செய்து கடனைத் தீர்ப்பது

ஷெவாலியரின் பெர்க்லி வேலை போயிற்று. வேறு பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பை நம்பி 1950இல் பிரான்சுக்குப் போனார். அவர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஐரோப்பிய வேர் உள்ளவர், மொழி தெரிந்தவர். ஆனாலும் விருப்பப்பட்டுப் போன பயணம் இல்லை அது.

ஷெவாலியர் உதவி கேட்டபோது, 1950 பிப்ரவரியில் ஓப்பன்ஹைமர் ஒரு கடிதம் கொடுத்தார். நாடாளுமன்றக் குழு முன் தான் கொடுத்த சாட்சியத்தில் ஷெவாலியர் குற்றமற்றவர் என்று சொன்னதை அதில் விளக்கினார். இந்த அவதூறுகளால் உன் தொழில் கெடுகிறதே என்று தனக்கு மிகுந்த வருத்தம் என்றும் எழுதினார். அன்பான கடிதம்தான். அவதூறு எங்கிருந்து கிளம்பியது என்பது மட்டும் அதில் இல்லை.

நண்பனுக்குத் தீங்கு செய்துவிட்ட பலரும் இதைத்தான் செய்கிறோம். கேட்டதைவிடக் கூடுதலாக உதவுவோம். பரிந்து பேசுவோம், சிபாரிசு செய்வோம், ஊருக்கு வந்தால் தேடிப்போய்ப் பார்ப்போம். நெஞ்சு குறுகுறுப்பது கொஞ்சம் அடங்கும். எதிராளிக்கோ அந்த உதவி பெருந்தன்மையாகத் தெரியும், அவர் நன்றி சொல்வார். அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்வதுதான் இரண்டாவது தவறு என்று நினைக்கிறேன். முதல் தவறைப் பயத்தில் செய்தோம் என்று சொல்லலாம். இதை நிதானமாகச் செய்கிறோம்.

1953 டிசம்பரில் ஓப்பன்ஹைமரும் கிட்டியும் பாரிஸ் போனார்கள். மோன்மார்த்ரில் இருந்த ஷெவாலியர் வீட்டில் இரவுச் சாப்பாடு. மறுநாள் நண்பர்கள் இருவரும் மால்ரோவைப் போய்ப் பார்த்தார்கள். வேலை விஷயமாக ஷெவாலியர் யோசனை கேட்டார், அமெரிக்கத் தூதரகத்தில் இருந்த தன் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார் ஓப்பன்ஹைமர். பிரிந்தார்கள். அதே மாதம் 21ஆம் தேதி, பாதுகாப்பு அனுமதியை நிறுத்தி வைப்பதற்கான குற்றச்சாட்டுகள் ஓப்பன்ஹைமரிடம் காட்டப்பட்டன. ஷெவாலியர் விவகாரம் அதில் முக்கியமான ஒன்று.

1954 ஏப்ரல் 14

அந்தக் குற்றச்சாட்டுகள் பற்றி வாஷிங்டனில் நடந்த விசாரணையில் அணுசக்தி ஆணையத்தின் வழக்கறிஞர் ரோஜர் ராப் பழைய ஒலிப்பதிவின் எழுத்துப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். அப்படி ஒரு பதிவு தன்னிடம் இருப்பதை அவர் முதலில் காட்டிக்கொள்ளவில்லை. பாஷிடம் உண்மை சொன்னீர்களா என்றார். இல்லை என்றார் ஓப்பன்ஹைமர். ஏன் அப்படிச் செய்தீர்கள் டாக்டர்?

"ஏனென்றால் நான் ஒரு முட்டாள்."

விளக்கம் அவ்வளவுதானா என்றார் ராப். ஷெவாலியர் பெயரைச் சொல்லத் தயக்கமாக இருந்தது என்றார். வேறு? என் பெயரைச் சொல்லவும் கொஞ்சம் தயக்கம்தான் என்றார். அப்படியானால் மூன்று பேரை அணுகினார் என்று ஏன் சொன்னீர்கள்? ஏற்கெனவே சொன்னதைத் தவிர அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை என்றார். அது ஷெவாலியருக்கு இன்னும் மோசமாகத்தானே முடியும்? நான் ஷெவாலியர் பெயரைச் சொல்லவில்லையே என்றார் முதலில். பிறகு, ஆமாம், மோசமாகத்தான் முடியும் என்று ஒப்புக்கொண்டார். அவர் இதில் ஆழமாகச் சம்பந்தப்பட்டவர் என்ற பொருளைத்தான் அது தரும் என்ற வாக்கியத்தை முடித்துவைத்ததும் ஓப்பன்ஹைமர்தான். கடைசியில், நீங்கள் சொன்னது ஒரு பொய் அல்ல, பொய்களால் நெய்த ஒரு முழுக் கதை, சரிதானே என்றார் ராப். சரி என்றார்.

இந்தக் கேள்வி பதிலைப் படிக்கும்போது ஒன்று தோன்றும். அன்று அவர் சொன்ன ஒவ்வொன்றும் பாரிஸில் அந்தச் சாப்பாட்டு மேசையில் நான்கு மாதம் முன்பு சொல்லியிருக்கக்கூடியது. பெயரைச் சொல்லத் தயங்கினேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் பார்த்தேன், உனக்கு அது கேடாக முடிந்தது. மூன்று வாக்கியம். நண்பனிடம் சொன்னால் அது மன்னிப்புக் கேட்பது. குறுக்கு விசாரணையில் சொன்னதால் அது அவருக்கே எதிரான சாட்சியமாயிற்று. விசாரணைக் குழு 2-1 என்றும், ஆணையம் 4-1 என்றும் அவருக்கு எதிராக வாக்களித்தன.

ஜூனில் விசாரணையின் முழு எழுத்துப் பிரதியையும் ஆணையமே அச்சிட்டு வெளியிட்டது. பாரிஸில் ஷெவாலியர் அதைத் தெரிந்துகொண்டார். ஏன் என்று கேட்டு எழுதினார். பதில் வந்தது, ஆனால் ஏன் என்பதற்கு விடை அதில் இல்லை.

காரணம் எது

ஓப்பன்ஹைமர் தன் தம்பி ஃபிராங்கை மறைக்கத்தான் கதையைக் குழப்பினார் என்று ஒரு கருத்து உண்டு. இன்னொன்று, எல்டன்டன் 1946இல் எஃப்.பி.ஐ.யிடம் சொன்னது: சோவியத் தூதரக அதிகாரி ஓப்பன்ஹைமரோடு எர்னஸ்ட் லாரன்ஸ் உள்ளிட்ட வேறு விஞ்ஞானிகளின் பெயர்களையும் குறிப்பிட்டாராம். சமையலறையில் அந்தப் பெயர்களும் காதில் விழுந்து, பாஷிடம் திரிந்து வந்திருக்கலாம். இரண்டுமே பொய் எப்படிப் பிறந்தது என்பதைத்தான் விளக்கும். அதன் பிறகான மௌனத்தை விளக்காது.

மௌனத்தைப் புரிந்துகொள்ள அவருடைய வேறு இரண்டு நட்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 21 வயதில், பாரிஸில், நெருங்கிய நண்பர் ஃபிரான்சிஸ் ஃபெர்குசன் தன் திருமணச் செய்தியைச் சொன்னபோது, ஓப்பன்ஹைமர் வாரை எடுத்து அவர் கழுத்தை நெரிக்கப் பாய்ந்தார். சில வாரங்களில் அவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் போதாது, தவம் செய்பவர்கள் போடும் உறுத்தலான மயிர்ச்சட்டை அணிந்து, பட்டினி கிடந்து, பனியில் பிரார்த்தனையோடு ஆக்ஸ்ஃபோர்டுக்கு யாத்திரையாக வரவேண்டியவன் நான் என்ற பொருளில் எழுதிய கடிதம் அது. கொஞ்சம் மிகைதான், ஆனால் உரிய ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. நட்பு முறியவில்லை.

அடுத்தது 1949. தன் பழைய மாணவர் பெர்னார்ட் பீட்டர்ஸைப் பற்றி நாடாளுமன்றக் குழுவின் மூடிய அமர்வில் ஆபத்தான ஆள் என்ற விதத்தில் பேசினார். பீட்டர்ஸ் நாஜிகளின் டாக்கவ் முகாமிலிருந்து தப்பி வந்தவர். சாட்சியம் ராச்செஸ்டர் நகரப் பத்திரிகையில் கசிந்தது. ஹான்ஸ் பெதே, விக்டர் வைஸ்காப் போன்ற நண்பர்கள் கண்டித்து எழுதியதும், ஓப்பன்ஹைமர் அவ்வூர்ப் பத்திரிகைக்கே கடிதம் எழுதித் தன் சாட்சியத்தின் கடுமையைக் குறைக்கப் பார்த்தார். அரைமனசான கடிதம் என்று சொல்லலாம், ஆனாலும் எழுதினார். (பீட்டர்ஸ் பிறகு பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து காஸ்மிக் கதிர் ஆய்வு செய்தார், இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் கொடுத்தது.)

ஆக, மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஃபெர்குசன் விஷயத்தில் செய்தது என்ன என்று ஃபெர்குசனுக்கே தெரியும். பீட்டர்ஸ் விஷயத்தில் பத்திரிகையே சொல்லிவிட்டது. ஷெவாலியர் விஷயத்தில் மட்டும்தான், மன்னிப்புக் கேட்கவேண்டுமானால் முதலில் குற்றத்தைத் தானே அறிவிக்கவேண்டியிருந்தது. அந்த முதல் படியில்தான் அவர் நின்றுவிட்டார். நாள் ஆக ஆக அந்தப் படி உயர்ந்துகொண்டே போகும். 1944இல் சொல்லியிருந்தால் பொய்யை மட்டும் சொன்னால் போதும். 1953இல் சொல்வதானால் பத்து ஆண்டு நடிப்பையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இதே மனிதர்தான் 1945 அக்டோபரில் ஜனாதிபதி ட்ரூமன் முன் உட்கார்ந்து என் கைகளில் ரத்தம் படிந்திருக்கிறது என்றார். 1947 நவம்பரில் எம்.ஐ.டி.யில் பேசும்போது, இயற்பியலாளர்கள் பாவத்தை அறிந்துவிட்டார்கள் என்றார். அந்த வார்த்தைகளை நான் சந்தேகிக்கவில்லை, அவருக்கு வலித்தது நிஜம். ஆனால் மனித குலத்திடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது எதிரே யாரும் எழுந்து நின்று, சரி, நீ எனக்கு என்ன செய்தாய் என்று கேட்பதில்லை. ஷெவாலியர் கேட்பார். தோட்டத்தில் கேட்டார்.

ஓப்பன்ஹைமர் 1967 பிப்ரவரியில் இறந்தார். அமெரிக்க எரிசக்தித் துறை 2022 டிசம்பரில், 1954 விசாரணை முறைகேடானது என்று சொல்லி அந்த முடிவை ரத்து செய்தது. ஷெவாலியர் 1985 வரை இருந்தார். 1959இல் இந்தக் கதையை ஒரு நாவலாக எழுதிப் பார்த்தார். 1965இல் ஓப்பன்ஹைமர் உயிரோடு இருக்கும்போதே நட்பின் வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டார். நண்பர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கான காரணத்தை அதிலும் அவர் தானாகவே ஊகித்துத்தான் எழுதவேண்டியிருந்தது.